ஏழாவது டிஸ்க்

அந்த டிஸ்க்கைக் கீழே போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அடுத்த பதினொரு நாளும் கேட்டவர்களிடமெல்லாம் "கரண்டு ஏறி இறங்கிருச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டால் மதுரையில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அதற்கும் வாய் கிடையாது.

நான் வேலை பார்த்தது நத்தம் சாலையில் இருந்த ஒரு பழைய கல்யாண மண்டபத்தில். வீட்டுக்கு வீடு கூரையில் 'காது' பொருத்திய காலம் அது. நெல்லிக்காய் அளவு கருவி. வீட்டில் பேசுவது, பாத்திரம் விழுவது, கதவு சாத்துவது எல்லாம் பத்து வருடத்துக்குப் பதிவாகி இருக்கும். வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் தெரியட்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். பிறகு, சாவியை எங்கே வைத்தேன் என்று கேட்பதற்குப் பயன்பட்டது. அப்புறம்தான் போனவர்களின் குரலைக் கேட்க வர ஆரம்பித்தார்கள்.

நாலாயிரம் வீடுகள் பேசியதைச் சேமித்து வைக்க ஓர் இடம் வேண்டும். பெரிய ஜெனரேட்டர், கூடம் முழுக்க ஏ.சி., நூறு வண்டி நிறுத்த இடம், இதெல்லாம் தயாராக இருக்கிற கட்டடம் மண்டபத்தைத் தவிர வேறு எது? கல்யாணங்களும் அப்போது குறைந்துபோயிருந்தன. பெண் பார்க்க வந்த அன்று யார் என்ன பொய் சொன்னார்கள் என்பதைத் திரும்பப் போட்டுக் கேட்க முடிந்ததும் ஒரு காரணம் என்பார்கள்.

பதிவுகள் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். கேட்க வேண்டுமென்றால் நேரில் வர வேண்டும். காது யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைரேகை வைத்தால்தான் அறை திறக்கும். மணமகள் அறை, மணமகன் அறை, வீடியோக்காரர்கள் உட்கார்ந்திருந்த சிறு அறை, மூன்றும் கேட்பறைகள் ஆயின. மணமகள் அறைக் கண்ணாடியில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள் பதினேழு அப்படியே இருந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்ட வரிசையில் ஸ்டோரேஜ் ரேக்குகள் நின்றன. ஓரத்தில் கைகழுவும் குழாய்கள் வரிசையாக, யாருக்கோ காத்துக்கொண்டு.

ரேக் ஒவ்வொன்றிலும் பெட்டிகள். பெட்டிக்கு இருபத்து நான்கு டிஸ்க்குகள். புதிதாக வருகிறவர்கள் குழம்பக் கூடாதே என்று நானே உட்கார்ந்து, ஸ்கெட்ச் பேனாவால் ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எண் எழுதி ஒட்டியிருந்தேன். கையெழுத்தும் அழகாக அமைந்துவிட்டது. புதிதாக யாரும் வரவில்லை. குழம்பியது நான்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலை திரையில் "டிஸ்க் 7 பழுது" என்று வந்தது. மூன்றாம் ரேக், முதல் பெட்டி. போனேன், என் கையெழுத்தில் 7 என்று இருந்ததை உருவினேன். உருவிய பிறகுதான், மென்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பது உறைத்தது. அது சொன்ன ஏழு, என் எட்டு. கையில் இருந்தது நல்ல டிஸ்க். இருபது வருட அனுபவம் உள்ளவன் அந்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்? அசையாமல் நின்று யோசிக்க வேண்டும். நான் திடுக்கிட்டுக் கையை விட்டேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போட்டிருந்தது நல்ல கருங்கல் தளம்.

மேலாளர் சாந்தாராம் சார் ஓடி வந்தார். நல்ல மனிதர். பச்சை விளக்கு எரிந்தால் சந்தோஷம், சிவப்பு எரிந்தால் வருத்தம். நடுவில் வேறு உணர்ச்சிகளை அவர் வைத்துக்கொள்வதில்லை.

"என்னய்யா அறவாழி, சத்தம் வாசல் வரைக்கும் வந்துச்சு?"

"ரெண்டு டிஸ்க் போயிருச்சு சார். கரண்டு ஏறி இறங்கிருச்சு."

"போனாலும் தாங்கும்னு நீதானய்யா சொன்ன?"

"ஒண்ணு போனாத் தாங்கும் சார். இருபத்து நாலு பேர் பந்தியில உக்காந்துருக்காங்கன்னு வச்சுக்கங்க. ஒருத்தர் எந்திரிச்சுப் போயிட்டாலும், அவர் இலையில என்ன இருந்துச்சுன்னு மத்த எல்லாரும் சேந்து ஒரு பருக்கை விடாமச் சொல்லிருவாங்க. ரெண்டு பேர் போயிட்டா சொல்ல முடியாது."

"பேக்கப் இருக்குல்ல?"

இருந்தது. நாலு வருடமாக ஒவ்வொரு நாளும் 'பேக்கப் வெற்றி' என்று செய்தி வந்தது. அதிலிருந்து எதையாவது திரும்ப எடுக்க முடிகிறதா என்று மட்டும் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். நாலு வருடமாக ஒரு காலி ஃபோல்டரை மிகுந்த பொறுப்போடு பேக்கப் எடுத்திருந்தோம். அதை அமைத்தவன் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஸ்கெட்ச் பேனா வைத்திருக்கிற ஆள்தான்.

நான் ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தபோது, பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. திரையில் "குணமாகிவிட்டது. இழப்பு இல்லை" என்று வந்தது.

"எரியுதுல்ல?" என்றார் சாந்தாராம் சார். "சும்மா பயமுறுத்துற."

எட்டு மாதத்துக்கு முன் அந்தப் பெட்டிகளுக்குப் புது மென்பொருள் போட்டிருந்தார்கள். பழையது, தகவல் போய்விட்டால் "படிக்க முடியவில்லை" என்று சொல்லும். புதியது அப்படிச் சொல்வதில்லை என்பது பெருமையாக விளம்பரத்தில் இருந்தது. எப்படிச் சொல்லாமல் இருக்கிறது என்று நான் கேட்டுவைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை எஸ்தர் ராணி அக்கா வந்தார்.

ஆறு வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் பத்து மணிக்கு வருகிறவர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மணமகள் அறை, ஹெட்போன், அதே பத்தொன்பது நிமிடப் பதிவு. அவருடைய மகள் ஜெமிமா வீட்டை விட்டுப் போன காலை அது. ஒரு பையனைப் பிடித்திருந்தது, அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான், வீட்டில் சண்டை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். போலீஸில் புகார் இருந்தது, செய்தித்தாளில் படம் வந்தது, பெண் வரவில்லை. எஸ்தர் அக்கா கேட்டு முடித்து வெளியே வரும்போது, வெயிலில் நின்றுவிட்டு வந்த மாதிரி முகம் வாடியிருக்கும். "வரேன் தம்பி" என்பார். நான் ஏதாவது அசட்டு ஜோக் சொல்வேன். ஒரு தரம்கூடச் சிரித்ததில்லை. ஆனாலும் நின்று முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போவார். என் வீட்டார் அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை.

அன்று பத்தொன்பது நிமிடம் கழித்து வெளியே வரவில்லை. மூன்று மணி நேரம் ஆனது. பிறகு கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மிஷின்ல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"இல்லக்கா. தூசி தட்டுனோம்."

"உள்ள வாங்க. நீங்களும் கேளுங்க."

ஊழியர்கள் கேட்கக் கூடாது என்பது விதி. அக்கா ஹெட்போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். குழாய்த் தண்ணீர். பாத்திரங்கள். நடைச் சத்தம், கொஞ்சம் தயங்கி. பிறகு எஸ்தர் அக்காவின் குரல், "சாப்பிட்டுட்டுப் போடி." ஓர் இளம் குரல், "வேணாம்மா. கோயம்புத்தூர் போறேன். போயிட்டு போன் பண்றேன்." கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

அவர் பதிவைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பவும் இருந்ததுதானே தம்பி?"

ஒரு மனிதன் உண்மையைச் சொல்ல இதைவிட வசதியான சந்தர்ப்பம் அமையாது. கேள்வியை அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். நான் சொன்னேன்: "பதிவுல இருக்குன்னா, இருந்ததுதானேக்கா."

"ஆமா," என்றார். ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு இன்னொரு தரம், "ஆமால்ல."

அன்று போகும்போது என் ஜோக்குக்குச் சிரித்தார்.

மறுநாள் வியாழன். மூன்று அறையிலும் குடும்பமாக ஆட்கள், ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மழையில் ஊறிக் கதவுகள் உப்பியதில் எந்தக் கதவும் சரியாகச் சாத்தாது. நான் நடையில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். மணமகன் அறையில் ஒரு கிழவி குரல், "சாப்பிட்டுட்டுப் போ" என்றது. வீடியோக்காரர் அறையில் ஓர் ஆண் குரல், கட்டைக் குரல், "சாப்பிட்டுட்டுப் போ" என்றது. நான் ஏணியில் அப்படியே நின்றேன். மணமகள் அறையில் ஒரு சின்னப் பெண், பத்து வயது இருக்கலாம், விளையாட்டுக் குரலில், "சாப்பிட்டுட்டுப் போ." மூன்று வீடு, மூன்று தெரு, மூன்று குரல். மூன்றிலும் 'போ'வுக்கு முன்னால் ஒரே அளவு மூச்சு. எஸ்தர் அக்காவின் பதிவிலும் அந்த மூச்சைக் கேட்டிருந்தேன்.

அறைகளில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. "இதைச் சொல்லியிருக்கான் பாருங்க, நாந்தான் மறந்துட்டேன்" என்றார் ஒருவர் என்னிடம்.

சந்தேகத்தை உறுதி செய்ய எனக்குத் தெரிந்த ஒரு வீடு வேண்டும். ஊழியர்கள் வீட்டுக்கும் காது உண்டு, இலவசம். என் வீட்டுப் பதிவும் அதே பெட்டியில்தான் இருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் உள்ள ஒரு நாளை எடுத்தேன். அப்பா இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, மதியச் சாப்பாடு. அப்பா தமிழ்ப் புலவர், எனக்கு அறவாழி என்று பெயர் வைத்தவர், அதற்கப்புறம் என்னிடம் எதிர்பார்ப்புகளைக் குறைத்துக்கொண்டவர். அன்று ரசத்தைப் பற்றி நான் ஒரு ஜோக் சொன்னேன். அப்பா பதில் பேசாமல் மோர் கேட்டார். நாற்பது வருடம் என் ஜோக் எதற்குமே அவர் சிரித்தது கிடையாது. அதனால் அதைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

பதிவில் அப்பா சிரித்தார்.

இருமல் கலந்த, தொண்டைக்குள் உருளும் சிரிப்பு. அவர் சிரித்தால் அப்படித்தான் சிரித்திருப்பார். அது பொய் என்று எனக்குத் தெரியும். நாலு தரம் கேட்டேன். ஐந்தாவது தரம் கேட்கப் போன விரலை இழுத்து, பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். நஸ்ரின் என்று ஒரு பெண், சென்னையிலிருந்து, தேன் மாதிரிக் குரல்.

"சொல்லுங்க சார், பெட்டி பச்சையாத்தானே காட்டுது?"

"பச்சையாத்தான்மா காட்டுது. உள்ள ரெண்டு டிஸ்க்ல இருந்தது போயிருச்சு. அந்த எடத்துல எதையோ நிரப்பியிருக்கு."

"நிரப்பினதுன்னு சொல்லாதீங்க சார். குணமானதுன்னு சொல்லுங்க."

"சரி, குணமானது. எந்தெந்த எடம் குணமாச்சுன்னு பட்டியல் குடுங்க."

"பட்டியல் வராது சார். காயம் ஆறினப்புறம் தழும்பு தெரியக் கூடாது. அதுதான் எங்க டிசைனே."

"எதை வச்சும்மா நிரப்புது? ஆறுது?"

"உங்ககிட்ட நாலாயிரம் வீடு இருக்கு. அந்த மாதிரி வீட்ல, அந்த மாதிரி நேரத்துல, ஜனங்க என்ன பேசுவாங்களோ அதை அந்தந்தக் குரல்லயே போட்டுரும். ரொம்ப இயல்பா இருக்கும் சார். இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரல."

"அப்ப, வீட்டை விட்டுப் போற ஒரு பொண்ணு 'கோயம்புத்தூர் போறேன்'னு சொல்லுது. அது அந்தப் பொண்ணு சொன்னதா, பெட்டி சொன்னதா?"

"சொல்லியிருக்கலாம் சார். சொல்லாமலும் இருந்திருக்கலாம். உங்க ஊர்லேர்ந்து போற பொண்ணுங்க அதிகமா எந்த ஊருக்குப் போவாங்க?"

"கோயம்புத்தூருக்கு."

"அதான் சார்."

"எதும்மா 'அதான்'?"

"பழைய பெட்டி 'தெரியல'ன்னு சொல்லும். வாடிக்கையாளருங்களுக்கு 'தெரியல' பிடிக்கிறது இல்ல சார். உங்க கேஸை மூடிரலாமா? அஞ்சுக்கு எத்தனை ஸ்டார் போடுவீங்க?"

நாலு போட்டேன். அந்தக் குரலுக்கு அதற்குக் கீழே போட மனசு வரவில்லை.

சாந்தாராம் சாரிடம் போனேன். அவர் முன்னால் புகார்ப் புத்தகம் விரிந்து கிடந்தது. அந்த வாரப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"பாத்தியா? ஒத்த புகார் இல்ல. ஜனங்க சிரிச்சுக்கிட்டே போறாங்கய்யா. மண்டபமா இருந்தப்பகூட இவ்வளவு பேர் சிரிச்சுட்டுப் போனதில்ல. சாம்பார் பத்தலைன்னு எவனாச்சும் கத்துவான்."

"அவங்க கேக்குறது அவங்க வீட்டு ஆளுங்க பேசுனது இல்ல சார்."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

"அவங்க சொல்றாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நீ எதுக்குய்யா சொல்ற? உக்காரு, டீ குடி."

உட்கார்ந்தேன், டீ குடித்தேன். என் வீரம் பொதுவாக ஒரு டீயோடு முடிந்துவிடும். ஆனால் அந்த வாரம் முழுக்க அந்தக் கூடத்தில் தனியாக நிற்க முடியவில்லை. டிஸ்க்குகளின் இரைச்சல் அதுவரை எனக்கு வெறும் இரைச்சல்தான். இப்போது, நாலாயிரம் வீட்டு ஆட்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து, எழுந்து போனவன் இலையில் என்ன இருந்திருக்கும் என்று கூடிக் கூடிப் பேசுவது போல இருந்தது. பேசி முடிவெடுத்து, அவன் குரலிலேயே சொல்கிறார்கள். காரணமில்லாமல் கைகழுவும் குழாய்களைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தில் நின்றேன்.

அடுத்த புதன்கிழமை எஸ்தர் அக்கா தனியாக வரவில்லை.

கூட வந்தவர் அவர் கணவர் ஞானமுத்து. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசை, நெஞ்சுப் பையில் இன்னும் இரண்டு பேனா. இருவரும் ஒரே ஆட்டோவில் இறங்கினார்கள், ஆனால் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்து வந்த மாதிரி இடைவெளி. என் மேசைக்கு வந்து அவர் என்னிடம் சொன்னார்:

"தம்பி, அவங்ககிட்ட கேளுங்க. நிசமாவே என்னைய உள்ள விடுறாங்களான்னு."

அவங்க அவர் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"கைரேகை வைக்கிறேன்னு சொல்லுங்க தம்பி," என்றார் எஸ்தர் அக்கா.

நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன். அக்கா காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அவர் குனிந்து சொன்னார்.

"ஆறு வருசம் தம்பி. காது அவங்க பேர்ல இருக்கு. ஒரு தடவை, ஒரே தடவை எம்புள்ள போன அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்கணும்னு கெஞ்சுனேன். மாட்டேன்னுட்டாங்க. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா, அதுல ஒண்ணும் இல்லைன்னாங்க. ஒண்ணும் இல்லாததை எதுக்கு வாராவாரம் போயிக் கேக்கணும்? அன்னைக்கோட பேச்சு விட்டுப் போச்சு. நேத்து என்னமோ தெரியல, வாங்க போகலாம்னு தம்ளரை வைக்கும்போது சொன்னாங்க. சுவத்தைப் பாத்துத்தான் சொன்னாங்க."

இருவரும் உள்ளே போனார்கள். நான் ஏணியை எடுத்து வந்து நடையில் போட்டேன், நல்ல பல்பைக் கழற்றி மாட்டினேன். தண்ணீர், பாத்திரம், நடை. சாப்பிட்டுட்டுப் போடி. கோயம்புத்தூர் போறேன். கதவு. பிறகு ஞானமுத்துவின் குரல், உடைந்து:

"இதையா எஸ்தரு ஆறு வருசமா மறைச்ச?"

"பயமா இருந்துச்சு," என்றது அக்காவின் குரல்.

"நீ ஏதோ சொல்லித்தான் அவ போயிட்டான்னு நான்... நீ சாப்புடத்தானே சொல்லியிருக்க."

நாற்காலி நகர்ந்தது. வெளியே வந்தபோது அவர் அக்காவின் முழங்கையைப் பிடித்திருந்தார். வாசலில் நின்று, என் வழியாக இல்லாமல், நேராக அவர் முகத்தைப் பார்த்து, "காப்பி குடிக்கிறியா?" என்று கேட்டார். எஸ்தர் அக்கா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கெடுக்கவா? நான் ஏணியிலேயே உட்கார்ந்துகொண்டேன். நல்ல காரியம் ஒன்று நடந்துவிட்டது, என் கைநழுவலால். நன்றி எதிர்பார்க்காமல் கமுக்கமாக இருந்துவிடலாம் என்று பட்டது.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார்கள். அவர் கையில் பெரிய தோல்பை. அதிலிருந்து ஒரு கட்டு நோட்டீஸை எடுத்து என் மேசையில் வைத்தார். ஜெமிமாவின் படம், கீழே போன் நம்பர்.

"அரப்பாளையத்துல கோயம்புத்தூர் பஸ் ஏறப் போறேன் தம்பி. அதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தோம். பின்னாடி ஹாரன் சத்தம் கித்தம் இருந்தா எந்த பஸ்ஸுல போனான்னு நான் கண்டுபுடிச்சிருவேன்."

"அங்க போயி எங்கண்ணே தேடுவீங்க?"

"காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். முப்பது வருசம் மூஞ்சி பாத்து டிக்கெட் குடுத்தவன் தம்பி. அந்த ஊர்ல இருக்கிறவ எப்பயாச்சும் ஒரு நாள் பஸ் ஏறத்தானே வேணும்? ஒரு ரூம் பாத்துருக்கேன். காலையில அஞ்சு மணிக்குப் போயி நின்னா, ராத்திரி கடைசி வண்டி வரைக்கும். ஒரு மாசமோ, ஒரு வருசமோ."

மாத்திரை டப்பா ஒன்று பைக்குள் தெரிந்தது. ஏழு நாளுக்கு ஏழு அறை. அக்கா அதை அடுக்கி வைத்திருப்பார். நர்ஸ் கை.

அந்த பஸ் ஸ்டாண்டில் அவர் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முகமாக. தன் பெண் சொல்லாத ஓர் ஊரில், நாலாயிரம் வீட்டுப் பெண்கள் போன ஊரில். என் வாய் எனக்கு முன்னால் திறந்துகொண்டது.

"அண்ணே, டிஸ்க்கைக் கீழ போட்டது நான்தான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யம், ஒன்று, என் அழகான கையெழுத்து, கருங்கல். இரண்டு பேர் எழுந்து போன பந்தி. பெட்டிக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வராது என்பது. கோயம்புத்தூர் பற்றி நஸ்ரின் சொன்னது. மூன்று அறையில் மூன்று பேர் விட்ட ஒரே மூச்சு. வழக்கம்போல நடுவில் ஒரு ஜோக் வந்தது, அதை விழுங்கிக்கொண்டேன்.

ஞானமுத்து அண்ணன் முதலில் சிரித்தார்.

"தம்பி, என்ன பேசுறீங்க? எங்காதால கேட்டேன். எம்புள்ள குரல் எனக்குத் தெரியாதா?"

"குரல் உங்க பொண்ணோடதுதான்ணே. பேச்சு யாரோடதுன்னு எனக்குத் தெரியல. ஒருவேளை நெசமாவே அவங்க சொன்னதா இருக்கலாம். அதைத்தான் கண்டுபிடிக்க வழியில்லாம கெடக்கேன். பெட்டியைக் கேட்டேன், கம்பெனியைக் கேட்டேன், எங்க சாரைக் கேட்டேன். ஒருத்தரும் நேராச் சொல்ல மாட்டேங்குறாங்க."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

நான் எஸ்தர் அக்காவைப் பார்த்தேன். ஆறு வருடம், வாரம் தவறாமல், அதே பத்தொன்பது நிமிடம். இந்த ஊரில் ஒழுங்காக எடுத்த ஒரே பேக்கப் அவர்தான். அது எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது.

"அக்கா," என்றேன். "டிஸ்க் விழுறதுக்கு முன்னாடி அந்த எடத்துல என்ன இருந்துச்சு?"

"என்னமோ இருந்துச்சு."

"அக்கா."

"மிஷின்ல இருக்கிறதை என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? நீங்கதானே சொன்னீங்க, பதிவுல இருந்தா இருந்ததுதான்னு?"

"சொன்னேன்க்கா. பயந்துக்கிட்டுச் சொன்னேன். அது பொய்."

அவர் புடவைத் தலைப்பை இழுத்து விரலில் சுற்றினார், பிரித்தார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள் போல.

ஞானமுத்து அண்ணன் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினார். "சொல்லு எஸ்தரு," என்றார், கெஞ்சுகிற குரலில். "கோயம்புத்தூர்னு அவ சொன்னால்ல? நீ கேட்டதுதானே? ஆமான்னு சொல்லிரு, இந்தத் தம்பி கெடக்காரு, நான் வண்டியைப் புடிக்கிறேன்."

அந்த 'எஸ்தரு'வைக் கேட்டு அக்கா கண்ணை மூடினார். மூன்று நாளாகத்தான் அந்தப் பெயரைக் கணவர் வாயிலிருந்து கேட்கிறார். ஆமா என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் எனக்கு மேலே கேட்க ஒன்றுமிருக்காது. சொல்லிவிடட்டும் என்றுகூட ஒரு நொடி வேண்டிக்கொண்டேன்.

அவர் கண்ணைத் திறந்து மேசை மேல் இருந்த நோட்டீஸ் கட்டைப் பார்த்தார். தோல்பையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார், கேட்டவன் நான் என்பதால்.

"சொல்லல தம்பி. ஊர் பேரு எதுவும் அவ சொல்லல. 'அப்பா வர்ற வரைக்கும் இருக்கட்டுமாம்மா'ன்னு கேட்டா. நான் பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. 'வேணாம், அவரு வர்றதுக்குள்ள போயிரு'ன்னேன். எங்க போறன்னு நான் கேக்கல."